வானத்து இரும்பு

அவர் முதலில் கல்லை நக்குவார். அதற்குப் பிறகுதான் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போடுவார். அது எந்தச் சேற்றில் கிடந்தது, எந்தச் சாக்கடைக் கானில் எடுத்தது, யாருடைய கால்சட்டைப் பையில் பஸ் ஏறி வந்தது என்று ஒரு கேள்வியும் கிடையாது. நாக்கு நுனியால் ஒரு தொடல், உதட்டை உள்ளிழுத்து ஒரு சப்பல், உடனே ராகலை பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற குரலில் தீர்ப்பு.

தோட்டத்து ஸ்டோரில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். கோப்பைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உறிஞ்சி, இது சரி, இது கருகல், இது புளிச்சது என்று காலமெல்லாம் சொல்லிப் பழகிய வாய் அது. ஸ்டோரை மூடி இயந்திரங்களை விற்ற வருடமே அவரும் வீட்டுக்கு வந்துவிட்டார். வாய்க்கு வேலை இல்லாமல் போனது. அந்த நேரம் பார்த்துத்தான் ஊரில் கல் பொறுக்கும் பைத்தியம் பிடித்தது.

அப்போது நான் ராகலை பஜாரில் ஒரு சின்ன கொமினிகேஷன் கடை நடத்திக்கொண்டிருந்தேன். ரீலோட், போட்டோகொப்பி, அடையாள அட்டைக்குப் படம், போனுக்குக் கவர். வாடிக்கையாளர் உட்காரவென்று ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தேன். அதில் ஒரு வாடிக்கையாளரும் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. கடையைத் திறந்து தூசு தட்டி முடிப்பதற்குள் இவர் வந்து அமர்ந்துவிடுவார். நாற்காலி என்னுடையது, வைஃபை என்னுடையது, கரண்டு என்னுடையது, ஞானம் மட்டும் அவருடையது. ஊரே "டீமேக்கர் ஐயா" என்று கூப்பிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கடைத்தெருவில் மனதில் இருப்பதைச் சொல்லியா ஒருவரைக் கூப்பிட முடியும்?

வட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருந்தது. ஆற்றில் குளிக்கும்போது, கான் வெட்டும்போது, மண் சரிந்த பாதையில் நடக்கும்போது கையில் கிடைக்கிற கல்லையெல்லாம் படம் எடுத்து அதில் போடுவார்கள். "இது என்ன கல்லு?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். ஆசிரியர், லொறி டிரைவர், மரக்கறிக் கடைக்காரர், ரயில் பாதையில் வேலை செய்பவர். விற்கிற எண்ணம்கூடப் பலருக்குக் கிடையாது. கையில் இருப்பதன் பெயர் தெரிந்தால் போதும் என்பவர்கள். இவர் பதிலை எழுதமாட்டார். எழுதினால் நேரமாகும். போனை வாய்க்கு நேராகப் பிடித்து, அடுத்த கடைக்காரனும் கல்வி பெறட்டும் என்று சத்தமாகப் பேசி அனுப்புவார்.

பெயர் வைக்காமல் ஒரு கல்லைக் கீழே வைக்க அவரால் முடியாது. அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு எதுவும் இல்லை, இது ஒன்றுதான். குழந்தை பிறந்தவுடன் பெயர் வைக்க அவசரப்படுகிற வீட்டில்கூட யாராவது ஒருவர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் பார்க்கமாட்டார்.

ஒருநாள் பொல்பிட்டியப் பக்கம் வேலை செய்கிற ஒரு டிரைவர், ஆற்றில் எடுத்த பச்சைக் கல் ஒன்றைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்தார். தண்ணீரில் உருண்டு உருண்டு மழுங்கி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கம் உள்ளே வளைந்திருந்தது. எல்லா இடமும் ஒரே தடிப்பு. நான் கவுண்டருக்குப் பின்னால் இருந்தே அதைப் பார்த்துவிட்டேன்.

நக்கினார். "மரகத சாதி," என்றார். "கொஞ்சம் கலப்பு. ஆனா சாதி மரகதந்தான்."

"ஐயா, போத்தல் துண்டு மாதிரி இருக்குங்களே," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மாதிரிக் கல்லப் பாத்துத்தான் புள்ள வெள்ளக்காரன் போத்தலே செஞ்சான்."

டிரைவர் சிரித்தார், என்னைப் பார்த்து. நான் ஏதோ தெரியாமல் உளறிவிட்டதாக அவருக்கு இரக்கம். பஞ்சில் திரும்பச் சுற்றிப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் அவர் வீட்டு அலுமாரியில் ஒரு பியர் போத்தலின் வயிறு மரகதமாக உட்கார்ந்திருக்கும்.

வட்டகொடையில் ரயில் பாதை வேலை செய்கிற ஒருவர் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுகிற சல்லிக் கல் ஒன்றைப் படம் பிடித்துப் போட்டார். சாம்பல் நிறக் கல்லுக்குள் மாதுளை முத்து மாதிரிச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். இவர் "பதுமராகம்" என்று அனுப்பினார். அதே குரூப்பில் பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிப்பிக்கிற ஒருவரும் இருந்தார். எல்லோரும் அவரை கெம்பஸ் சேர் என்பார்கள். அவர் எப்போதும் எழுதித்தான் பதில் போடுவார். "இது கார்னெட்டாக இருக்கலாம். நமது மலைநாட்டுப் பாறைகளில் சாதாரணமாகக் காணப்படுவது. ஆனால் படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது," என்று எழுதினார். சிரித்த முகங்களையும் கூப்பிய கைகளையும் குரூப் முழுவதும் டீமேக்கர் ஐயாவுக்கே போட்டது. உறுதியாகச் சொல்ல முடியாதவருக்கு எதற்குச் சம்பளம் என்று ஒருவர் கேட்டிருந்தார். இவர் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அந்த நாற்காலியின் ஒரு கால் ஏற்கனவே வெடித்திருந்தது, அது உடைந்துவிடாதா என்று நான் மனதார ஆசைப்பட்டேன்.

ஆனால் நக்குவதைவிட எனக்கு எரிச்சலைத் தந்தது அவருடைய கத்தி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தியின் உடைந்த முனை ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். அதால் கல்லில் இழுப்பார். கோடு விழுந்தால் மெதுவான கல், விழாவிட்டால் கடினமான கல். இது நியாயமான சோதனைதான், கெம்பஸ் சேரும் அதைச் சொல்லியிருக்கிறார். ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் ஆறு பட்டை வைத்த, பால் கலங்கிய மாதிரி ஒரு கல்லைக் கொண்டுவந்தார். இவர் கத்தியால் இழுத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. "சோப்புக் கல்லு. பாத்ரூம்ல வச்சிக் குதிகால் தேய்க்கலாம்," என்றார். ஆசிரியரின் முகம் சுருங்கிப் போனது.

எனக்குச் சந்தேகம் தட்டியது. கல்லை வாங்கி, விரலை நனைத்து அந்தக் கோட்டை அழுத்தித் தேய்த்தேன். கோடு போய்விட்டது. கல்லில் ஒரு கீறலும் இல்லை. கத்தி கல்லைக் கீறவில்லை, கல்தான் கத்தியைத் தேய்த்து அதன் இரும்பைத் தன்மேல் பூசிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் கத்தியைவிடக் கடினமான கல் அது.

"ஐயா, கோடு அழிஞ்சிருச்சே," என்று காட்டினேன்.

"பாத்தியா, கோடுகூட நிக்காத அளவுக்கு மெதுவான கல்லு," என்றார்.

ஆசிரியர் கல்லை எடுத்துக்கொண்டு போனார். அவர் நேரே கெம்பஸ் சேரிடம் போயிருந்தால் நல்லது. போயிருக்கமாட்டார். அவர் வீட்டில் யாருடைய குதிகாலோ வழவழப்பாகியிருக்கும்.

இவ்வளவுக்கும் அவர் ஒருவரிடமும் ஐந்து சதம் வாங்கியதில்லை. ஊரில் இதைப் பெரிய தர்மமாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் ஆத்திரம். காசு வாங்கியிருந்தால் பொய்க்காரர் என்று வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அவர் வாங்கியதெல்லாம் "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற ஒரு வார்த்தை. அதற்காக எதையும் சொல்வார்.

ஒரே ஒரு தடவை அவர் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்ததுண்டு. விடாமல் மழை பெய்த ஒரு நாள், கடைக்கு ஆளே இல்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மணந்து பார்த்துவிட்டு, எந்த உயரத்துத் தேயிலை, மழைக்கு முன் பறித்ததா பின் பறித்ததா என்றெல்லாம் சொன்னார். தேயிலைப் பக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், அதில் போட்டிருந்த உயரம் அவர் சொன்னதுதான். அதில் அவர் கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். "எப்படிங்க ஐயா யோசிக்காம சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"ஸ்டோர்ல யோசிக்க ஏது புள்ள நேரம்? அரைச்ச கொழுந்து தரையில கெடக்கும். இப்ப ட்ரையருக்கு ஏத்தவா, இன்னும் கொஞ்சம் விடவான்னு ஆளுங்க என் மூஞ்சையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. தெரியலன்னு ஒரு நிமிசம் நின்னா அன்னைக்கு அம்புட்டுக் கொழுந்தும் புளிச்சுப் போயிரும். தப்போ சரியோ, வாயத் தொறந்து சொல்லிப்புடணும்."

சரி, அங்கே அது தேவைப்பட்டிருக்கும். ஆனால் கல் புளிக்குமா? எத்தனையோ யுகமாக மண்ணுக்குள் கிடந்த கல் இன்னும் ஒரு கிழமை காத்திருக்காதா? இதை அன்றே கேட்டிருப்பேன். அவர் தேத்தண்ணியை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார் என்று விட்டுவிட்டேன்.

பாக்கியம் அக்காவின் கதை இதற்குப் பிறகு நடந்தது. அவர் இந்த ஐயா வேலை பார்த்த அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். புருசன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மூன்று பேரும் லயத்து வரிசையின் கடைசிக் காம்பராவில், ஒரே அறையில் இருந்தார்கள். மழைக்காலத்தில் அந்தக் காம்பராவின் பின்சுவரில் தண்ணீர் வழியும், அதில் துணியைத் திணித்து வைத்திருப்பார். மூடிய ஸ்டோருக்குக் கீழே, பள்ளத்து ஓரமாக அவர் போஞ்சிக் கொடி போட்டிருந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. அரசாங்கத்து வீட்டுத் திட்டத்தில் அந்த இடத்தையே அவருக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் நிலம் என்று அளந்து கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். அன்று அவர் என் கடைக்கு வந்து அந்தக் கயிற்றைப் படம் பிடித்துத் தரச் சொன்னார். கயிற்றைப் படம் பிடித்த முதல் ஆள் நான்தான். நல்ல வெளிச்சத்தில் எடுத்து, பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன்.

அத்திவாரத்துக்கு இடம் மட்டம் செய்யும்போது மண்வெட்டி எதிலோ மோதியது. தோண்டிப் பார்த்தால் பெரிய பூசணிக்காய் அளவில் ஒரு கட்டி. கறுப்பு. மேலெல்லாம் உருகி வழிந்து உறைந்த மாதிரி. இரண்டு ஆண்கள் சேர்ந்தும் அசைக்க முடியாத பாரம். பாக்கியம் அக்கா கடைக்கு ஓடி வந்தார்.

"ஐயா, ஒரு கல்லு குறுக்க கெடக்குதுங்க. உருட்டி விடலாமா, உடைக்கணுமான்னு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க," என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். பெயர் கேட்கவே இல்லை.

இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. படம் எடுக்க நான் வேண்டும், காந்தம் வேண்டும். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. கடையைச் சாத்திவிட்டு மூவரும் ஆட்டோவில் போனோம். லயத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். இவர் முழங்காலில் உட்கார்ந்து, அத்தனை பேருக்கும் முன்னால் அந்தக் கட்டியை நக்கினார். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனார். டப்பென்று ஒட்டிக்கொண்டது. எழுந்து, கையைத் தட்டி மண்ணை உதறினார்.

"இது பூமியில உள்ளதில்ல. வானத்துல இருந்து எரிஞ்சுக்கிட்டே வந்து விழுந்த இரும்பு. மேல உருகி ஓடியிருக்கு பாருங்க."

சொன்னதும் கோயில் கமிட்டிக்கும் தலைவரான தோட்டத் தலைவர் செருப்பைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். பாக்கியம் அக்காவும் கழற்றினார், அவருடைய சொந்த நிலத்தில்.

வெள்ளிக்கிழமைக்குள் அதற்குக் குங்குமம் வைத்து, மஞ்சள் துணி கட்டி, தகரக் கொட்டகையும் போட்டுவிட்டார்கள். விழுந்த இடத்தைவிட்டு அதை அசைக்கக் கூடாது என்றது கோயில் கமிட்டி. சாமி வந்து இறங்கிய இடத்தில் வீடு கட்டிக் குடும்பம் நடத்துவது பாவம் என்றது. வீட்டுத் திட்டத்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கோயில் பிரச்சினையில் அவர்கள் ஏன் கைவைக்கப் போகிறார்கள்? "நீங்களே பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க," என்று கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். தோட்டத்தில் அளந்து கொடுக்க வேறு இடம் இல்லை. அடுத்த திட்டம் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்குச் சாமி மேல் கோபம் கிடையாது, மாரியம்மனுக்கு வருடம் தவறாமல் விளக்குப் போடுகிறவள் நான். ஒரு பொம்பளையின் வீட்டை ஒரு நக்கலில் அழித்துவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்த மனிதர் மேல்தான் எனக்குக் கோபம்.

இவர் படத்தைக் குரூப்பில் போட்டார். பாராட்டு கொட்டியது. ஹட்டனில் இருந்து ஒருவர் வாடகைக்கு வான் வண்டி பிடித்துப் பார்க்க வருவதாகச் சொன்னார். கெம்பஸ் சேர் மட்டும், உடைந்த இடம் ஏதாவது இருந்தால் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும் என்று எழுதினார். மண்வெட்டி பட்டு ஓர் ஓரம் பெயர்ந்திருந்தது, நான் அதையும் எடுத்திருந்தேன். இவர் கையிலிருந்த போனுக்கு நானே அதை அனுப்பிக் கொடுத்தேன், இவர் குரூப்பில் போட்டார். பெயர்ந்த இடத்தில் பாண் ரொட்டிக்குள் இருப்பதுபோலச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

பதில் வந்தது. "வானத்திலிருந்து விழும் இரும்பில் இப்படிக் குமிழ் ஓட்டைகள் இருப்பது மிக அரிது. உலையில் உருகிய இரும்பிலும் அதன் கழிவிலும்தான் இவை இருக்கும். அந்த இடத்துக்கு அருகில் எப்போதாவது உலை இருந்ததா? நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. தேவையென்றால் வந்து பார்க்கிறேன்."

நான் கவுண்டருக்குப் பின்னால் இருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொருமுறை படித்தார். அவர் எதையும் இரண்டு தடவை படித்து நான் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிலத்துக்கு நேர் மேலே அவர் காலமெல்லாம் வேலை பார்த்த ஸ்டோர் இருந்தது. ஸ்டோருக்குள் ட்ரையரைச் சூடாக்க விறகு எரிக்கிற பெரிய அடுப்பு. என் அப்பா அந்த அடுப்புக்கு விறகு லொறி ஓட்டியவர், நானும் எத்தனையோ தடவை லொறியில் போய் இறங்கியிருக்கிறேன். விறகைத் தாங்குகிற வார்ப்பிரும்புக் கம்பிகள் வெந்து வளைந்து ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டால் கழற்றிப் பின்பக்கப் பள்ளத்தில் தள்ளிவிடுவார்கள். தள்ளச் சொல்லி உத்தரவு போடுகிறவர் டீமேக்கர்.

போனை வாய்க்கு நேராகப் பிடித்தார். வழக்கமான சத்தம் இல்லை, மெதுவாகத்தான் பேசினார்.

"இல்லைங்க சேர். அந்தப் பக்கம் ஒரு உலையும் இருந்ததில்ல. சுத்தி வர தேயில மட்டுந்தான்."

"ஐயா," என்றேன், "ஸ்டோர் அடுப்ப மறந்துட்டீங்களா?"

"வேலயப் பாரு புள்ள," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நேரத்தோடே பஸ் ஏறிப் போனார்.

அதுவரைக்கும் அவர் எனக்கு ஒரு முட்டாள். தெரியாததைத் தெரியும் என்பவர்கள் எந்த ஊரில்தான் இல்லை, சிரித்துவிட்டுப் போகலாம். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொள்கிறவனை என்னவென்று சொல்வது? அதற்கு நல்ல வார்த்தைகள் எங்கள் லயத்தில் இருக்கின்றன, அச்சில் போட முடியாது.

நான் சும்மா இருக்கவில்லை. கெம்பஸ் சேர் எழுதியதை அச்சடித்து எடுத்துக்கொண்டு கமிட்டியிடம் போனேன். ஸ்டோர் அடுப்பைப் பற்றியும் சொன்னேன், சேரை வரவழைத்து நேரில் காட்டலாம் என்றும் கேட்டேன். தலைவர் தாளை வாங்கி வாய்விட்டுப் படித்தார். "உறுதியாகச் சொல்ல முடியாது" என்ற இடத்தில் நிறுத்திச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார்.

"அவரே உறுதியாத் தெரியாதுங்கிறாரு. நம்ம ஐயா அதே ஸ்டோர்ல இருந்த மனுசன், அடுப்புக் கம்பின்னா அவருக்குத் தெரியாதா? கொமினிகேஷன் வச்சிருக்கிற நீ வந்து சொல்லணுமா?"

தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார். உண்மை பேசுகிறவர் கெம்பஸ் சேர் ஒருவர்தான், அவர் உண்மையாகவே பேசியதால் அவர் சொல் செல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பாக்கியம் அக்கா கொழுந்துக் கூடையோடு நேரே கடைக்கு வந்தார். ஐயா நாற்காலியில் இருந்தார். அக்கா உள்ளே ஏறவில்லை, படியில் நின்றே பேசினார்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. அது சும்மா இரும்பா இருந்தாலும் இருக்கும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதுங்க. வேணாம், சந்தேகமா இருக்குன்னு சொன்னாக்கூடப் போதும். கமிட்டியில நான் பேசிக்குவேன். ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு இன்னும் எத்தன காலத்துக்குங்க அந்தக் காம்பராவுல கெடக்குறது?"

அவர் கேட்டது ஒரு "சந்தேகம்". அதை இவர் தன் வாழ்நாளில் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. இவர் வெளியே பஸ்ஸைப் பார்த்தார். மேசையில் கிடந்த ஒரு கல்லை எடுத்து உருட்டினார். நக்கவில்லை.

"இனி அது சாமி விசயம்மா," என்றார். "நான் கல்லு மட்டுந்தான் பாப்பேன்."

"நீங்க பாத்துச் சொன்னதாலதானுங்க ஐயா அது சாமியாச்சு," என்றார் அக்கா.

அவர் கல்லைத் திரும்ப மேசையில் வைத்தார். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். நான் எழுந்து வைஃபையை அணைத்தேன். "என்ன புள்ள, லைன் போயிருச்சா?" என்று கேட்டார் அந்த மனிதர். ஆமாம் என்றேன். அது திரும்பி வருமென்று மூன்று நாள் வந்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கத்து மருந்துக் கடைக்கு மாறிவிட்டார்.

கோயில் திறப்பு விழாவுக்கு அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கில் பேசினார். நட்சத்திரம், நெருப்பு, ஆண்டவன் என்று என்னென்னவோ வந்தது. அவர் நின்று பேசிய மேடைக்குப் பின்னாலேயே, கூரைத் தகரம் கழன்று தொங்க, அந்த ஸ்டோர் நின்றுகொண்டிருந்தது. அவர் ஒருமுறையும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இப்போது மகனோடு கொழும்புப் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. குரூப்பில் இன்னும் இருக்கிறார். கேட்டால் இன்னும் ஒரு நிமிடத்தில் பதில் வருகிறதாம். நான் அதிலிருந்து விலகிவிட்டேன்.

போன மாதம் அந்தத் தோட்டத்தில் புது வீடு ஒன்றுக்குப் பால் காய்ச்சினார்கள், போயிருந்தேன். வரிசையாக ஓடு போட்ட வீடுகள், நடுவில் பல் விழுந்த இடம் மாதிரி அந்தக் கொட்டகை. இரும்பு அல்லவா, பாலும் தண்ணீரும் ஊற்ற ஊற்றச் சாமிக்குத் துருப் பிடித்துவிட்டது. சிவப்பாக வழிகிறது என்று கமிட்டி ஐயாவுக்குப் படம் அனுப்பிக் கேட்டதாம். "புளி போட்டுத் தேயுங்க," என்று சொல்லி அனுப்பினாராம். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன் யார் தேய்ப்பது என்று பேச்சு வந்தபோது, "உன் எடத்துல வந்து எறங்குன சாமி, நீதான் செய்யணும்," என்று பாக்கியம் அக்காவிடமே ஒப்படைத்துவிட்டார்கள். அதைப் பெரிய மரியாதையாக வேறு சொல்லியிருக்கிறார்கள்.

நான் போனபோது அக்கா உள்ளே குந்தியிருந்து தேய்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வரைக்கும் புளித் தண்ணீரும் துருவும். வெளியே நின்று, எப்படி இருக்கீங்க என்று கேட்டேன்.

"இருக்கோம் தங்கச்சி. காம்பரா சுவரு இந்த மழைக்கு இன்னுங் கொஞ்சம் உள்ள வந்துருச்சு," என்றார். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துச் சாமிமேல் ஊற்றினார். பிறகு அந்த ஈரக் கையாலேயே எனக்குச் சுட்டிக் காட்டினார்.

"இது இருக்கிற எடத்துலதான் அடுப்படி போடணும்னு இருந்தேன். காலையில வெயிலு நேரா உள்ள வரும்."